தோற்றவன் முட்டை

எங்கள் கராத்தே கூடத்திலிருந்து யாரும் பசியோடு வீடு திரும்பியதில்லை. அப்பா கூடத்தைக் கட்டும்போதே சமையலறையையும் சேர்த்துத்தான் கட்டினார். உழைத்த உடம்புக்கு அன்றைக்கே சோறு போட வேண்டும், மறுநாள் போட்டால் அது வேறு உடம்பு என்பார். அவருக்குப் பிறகு பயிற்சி என் தம்பியின் கைக்குப் போனது. கூடமும் சமையலறையும் மூத்தவள் என்ற முறையில் என் பொறுப்புக்கு வந்தன. தம்பியை எல்லாரும் மாஸ்டர் என்பார்கள். என்னைப் பெரியக்கா என்பார்கள், பேரன் வயதில் இருப்பவர்கள்கூட.

நான் ஒரு நூற்பாலையின் கேன்டீனில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவள். கொஞ்சக் காசில் நிறையப் பேருக்குச் சத்தாகப் போடுவது எனக்குப் புதிதில்லை. டப்பாவில் விற்கும் புரோட்டீன் பொடியைக் கூடத்துப் படியேற விட்டதில்லை. மண்டியில் உடைந்த பருப்பு மலிவு. சத்தில் முழுப் பருப்புக்கு அது எந்த விதத்திலும் குறைந்ததில்லை, சீக்கிரம் வெந்தும் விடும். சிறியது என்று கடைக்காரர்கள் ஒதுக்கும் முட்டைகளைப் பண்ணையிலிருந்து நேராக எடுப்போம். கீரையைச் சந்தை கலையும் நேரத்தில் வாங்க வேண்டும். தோல் கறுத்த வாழைப்பழத்தை யாரும் சீண்ட மாட்டார்கள், தித்திப்பு அதில்தான். கரண்டி நிற்கிற மாதிரி பருப்பு, சோறு, கீரை, ஒரு பிடி வறுத்த நிலக்கடலை, ஒரு பழம், ஆளுக்கு ஒரு முட்டை. இதைத் தினமும் சாப்பிட்டு ஒழுங்காகத் தூங்குகிறவனுக்கு வேறு மாய மந்திரம் வேண்டியதில்லை.

முட்டையில் மட்டும் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பயிற்சியின் கடைசியில் ஜோடி ஜோடியாக ஒரு சுற்று சண்டை நடக்கும். தோற்றவன் தன் தட்டில் இருக்கும் முட்டையைத் தன் கையாலேயே எடுத்து ஜெயித்தவன் தட்டில் வைக்க வேண்டும். ஜெயித்தவன் தலை குனிந்து வாங்கிக்கொள்ள வேண்டும். வேண்டாம் என்றால் அது வைத்தவனை அவமதிப்பது. அப்பா வகுத்தது இது. ஜோடிகள் நாள்தோறும் மாறுவதால் இன்று கொடுத்தவன் நாளை வாங்குவான், யாருக்கும் நட்டமில்லை. வெளியாட்கள் கேட்டுச் சிரிப்பார்கள். நான் சிரித்ததில்லை. தன் தோல்வியை நாலு பேர் பார்க்கக் கையில் எடுத்து வைக்கப் பழகியவன் வெளியே போய்ப் பொய் சொல்லித் திரிய மாட்டான் என்பது என் எண்ணம். இன்றும் அதுதான்.

கம்பி எங்களிடம் வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. ஆள் மெலிசு, அதனால் அந்தப் பட்டப்பெயர். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை வெளுக்கும் சலவை ஆலையில் மூட்டை தூக்குகிற வேலை. ஈர மூட்டை அவன் எடையைவிடக் கனக்கும். பகல் முழுக்க டீயும் பன்னும்தான். தங்கியிருந்தது அக்காவோடு ஒரு ஒற்றை அறையில். அவளும் அதே ஆலையில் இஸ்திரி போடுகிறவள். வீட்டில் அடுப்பு மூட்ட இருவருக்கும் தெம்பு இருப்பதில்லை. கூடத்துத் தட்டுதான் அவனுக்குச் சாப்பாடு என்று சொல்லத்தக்க ஒரே வேளை. ஒரு பருக்கை மிச்சம் வைக்க மாட்டான்.

அந்த வருடம் நகர அணிக்கு ஆள் எடுப்பதாக அறிவிப்பு வந்தது. அணியில் சேர்ந்தவர்களுக்குத் தீயணைப்புத் துறையில் நிரந்தர வேலை. ஒவ்வொரு எடைப் பிரிவுக்கும் ஒரு கூடம் ஒருவரைத்தான் அனுப்பலாம். மிகக் குறைந்த எடைப் பிரிவில் எங்களிடம் இருந்தது இருவர். ஒருவன் கம்பி. இன்னொருவன் என் தம்பியின் மகன். கம்பி பிறவியிலேயே அந்த எடை. எங்கள் பையன் வயிற்றைக் கட்டி அந்த எடைக்கு இறங்க வேண்டியவன். மாதக் கடைசியில் இருவரும் மோதுவது, ஜெயித்தவனை அனுப்புவது என்று தம்பி சொன்னான். அதுவரை கடைசிச் சுற்றில் இருவரும்தான் ஜோடி என்றும் சொன்னான்.

"ஒரே எடை. ஒருத்தர ஒருத்தர் தீட்டிக்கங்க," என்றான்.

கேட்கச் சரியாகத்தான் இருந்தது.

அன்று தொடங்கி நாள் தவறாமல் கம்பி தோற்றான். நாள் தவறாமல் முட்டையை எடுத்து என் தம்பி மகன் தட்டில் வைத்தான். மற்றவர்கள் கிண்டல் செய்தார்கள்.

"கம்பி, உன் முட்டைய இனிமே பெரியக்கா நேரா அந்தத் தட்டுலயே வெச்சிடட்டும். உனக்கு நடை மிச்சம்."

"போடா. அவன் இதையெல்லாம் தின்னு தின்னு உருண்டையாயி எடையில மாட்டுவான் பாரு. நான் அவனுக்கு வெக்கிற சூனியம்டா இது."

சிரித்தார்கள். தம்பி மகனும் சிரித்தான். ஆனால் கம்பி மாடிப்படியில் இறங்கும்போது வலது காலைப் பக்கவாட்டில் வைத்து இறங்குவதை நான் கவனித்தேன். முழங்காலுக்குக் கீழே முன் எலும்பைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருப்பான். கேட்டால், "மூட்டை இடிச்சிடுச்சு பெரியக்கா," என்பான். நான் கூடக் கொஞ்சம் பருப்பு ஊற்றினால் தட்டைக் கையால் மூடிவிடுவான். எல்லாருக்கும் எவ்வளவோ அவ்வளவுதான் தனக்கும் என்பான். அந்த நிமிர்வு எனக்குப் பிடித்திருந்தது. எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு இருக்க வேண்டிய நிமிர்வு.

ஒரு நாள் மாலை பின்பக்கம் கை கழுவும் இடத்தில் தண்ணீர் போகாமல் தேங்கி நின்றது. பாத்திரம் துலக்குகிறவள் அன்று வரவில்லை. நானே சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சாக்கடை மூடியை நெம்பி உள்ளே கை விட்டேன். முட்டை. உரித்த முழு முட்டை. கடித்த தடம்கூட இல்லாமல், ஊறிச் சாம்பல் நிறமாகி, ஒன்றன்மேல் ஒன்றாகக் குழாயை அடைத்துக்கொண்டு கிடந்தன. வாடை தாங்க முடியவில்லை. அத்தனையையும் வாளியில் அள்ளிப் போட்டுவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். திரும்பவும் கழுவினேன்.

மறுநாள் சாப்பாடு நடக்கும்போது பின்பக்கத் தண்ணீர்த் தொட்டியின் ஓரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். தம்பி மகன் கை கழுவ வந்தான். இடுப்புத் துண்டில் சுற்றியிருந்ததை எடுத்து மூடியை நகர்த்தி உள்ளே போட்டான். நிமிர்ந்தபோதுதான் என்னைப் பார்த்தான்.

"வயித்துக்கு ஒத்துக்கலையா?" என்றேன்.

"எடை கூடிடும் அத்தை. இப்ப நான் காலைல ஒரு வேளைதான், இங்க வெறும் கீரை மட்டும்."

"என்கிட்ட சொல்லியிருந்தா உன் ஜோடிக்கு வழக்கத்த நிறுத்தி வெச்சிருப்பேனே."

"தாத்தா போட்ட வழக்கத்த எனக்காக நிறுத்தணுமா?"

"சரி. வாங்கறே. வாங்கினத பக்கத்துல இருக்கறவனுக்குக் குடுக்கலாமே. சாக்கடைக்கா குடுப்பாங்க?"

அவன் கையை உதறினான். பதில் சொல்ல யோசிக்கவே இல்லை என்பதுதான் எனக்கு இன்றும் மறக்கவில்லை.

"பக்கத்துல இருக்கறவனுக்குக் குடுத்தா அவன் கம்பிக்கே பாதி பிச்சுக் குடுத்துடுவான் அத்தை. அவனுங்க எல்லாம் ஒண்ணு. கம்பி தெம்பாயிட்டா என்னால முடியாது. அவன் கை வேகம் உங்களுக்குத் தெரியாது. ஒரு இடம்தானே இருக்கு."

"உங்கப்பாவுக்குத் தெரியுமா?"

"அப்பாதானே ஜோடி போட்டாரு."

நான் எழுந்து உள்ளே போனேன். நான் தூக்கி வளர்த்த பிள்ளை. அவன் திருடியிருந்தால் அடித்திருப்பேன். குடித்திருந்தால் திட்டியிருப்பேன். இதற்கு என்ன செய்வது என்று என் கைக்குத் தெரியவில்லை.

தம்பி அறையில் உட்கார்ந்து கால் பட்டைகளைச் சுருட்டிக்கொண்டிருந்தான். நான் சொன்னதை முழுக்கக் கேட்டான். கை நிற்கவில்லை.

"அக்கா, இது நம்ம கூடம். நம்ம அப்பா ரத்தம் சிந்தி உண்டாக்கினது. இங்கேருந்து முதல் முதலா ஒருத்தன் அணிக்குப் போறான்னா அது நம்ம வீட்டுப் பிள்ளையா இருக்கணுமா, சலவைக்காரனா இருக்கணுமா?"

"ஜெயிக்கறவனா இருக்கணும்."

"ஜெயிக்கறானே. தினம் ஜெயிக்கறான். நீங்களே பாக்கறீங்க."

"பட்டினி போட்டு ஜெயிக்கறதுக்குப் பேரு வேற."

"யாரு பட்டினி போட்டா? பருப்பு இல்லையா, சோறு இல்லையா? ஒரு முட்டைல என்னக்கா ஆயிடப் போவுது?"

"ஒரு முட்டைல ஒண்ணும் ஆகாதுன்னா உன் பிள்ளை ஏன் அத குழில போட்டு மூடறான்?"

அவன் பட்டையைக் கீழே வைத்தான். "வெளிய பேசாதீங்க. நம்ம குடும்ப விஷயம். உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்ல, குடும்ப மானம்னா என்னன்னு."

அவன் சொன்னது உண்மை. எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மூடி வைப்பதுதான் மானம் என்று நினைக்கிற வீடுகள் உண்டு. எங்களுடையது அப்படிப்பட்ட வீடு இல்லை. அப்பா ஒரு முறை போட்டியில் தவறாகத் தனக்குக் கொடுத்த புள்ளியை நடுவரிடம் போய்த் திருப்பிக் கொடுத்தவர். அதைக் கேட்டு வளர்ந்தவள் நான். அவனும்தான்.

மறுநாள் எல்லாரும் தட்டோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கம்பி வழக்கம்போல் முட்டையை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

"உக்காரு. அத நீ சாப்பிடு," என்றேன்.

"இல்ல பெரியக்கா, தோத்துட்டேன்."

"உக்காருன்னு சொல்றேன்."

"எனக்கு மட்டும் என்ன சலுகை? பாவம் பாக்கறீங்களா?" அவன் முகம் இறுகிவிட்டது. மற்றவர்கள் சாப்பிடுவதை நிறுத்தினார்கள். தம்பி என்னைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டினான், வேண்டாம் என்று.

நான் நின்ற இடத்திலிருந்தே சொன்னேன். சாக்கடையில் எடுத்ததைச் சொன்னேன். யார் போட்டது என்று சொன்னேன். எதற்காகப் போட்டான் என்று அவன் வாயால் சொன்னதையும், ஜோடி போட்டவன் யார் என்பதையும், ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். "இது எங்க வீட்டுல நடந்த தப்பு. வீட்டுக்கு மூத்தவ நான், உங்க எல்லார் முன்னாலயும் சொல்றேன்," என்றேன்.

கம்பி கையில் இருந்த முட்டையைத் தட்டில் வைத்தான். தம்பி மகனைப் பார்த்தான்.

"ஏன்டா," என்றான். "பயமா இருந்தா சொல்லியிருக்கலாமேடா."

அப்புறம் மாஸ்டர் பக்கம் திரும்பினான். "மாதக் கடைசி வரைக்கும் எதுக்கு மாஸ்டர்? இப்பவே வெச்சுக்கலாம்."

"சாப்பிட்டுட்டு நாளைக்கு வா," என்றேன் நான்.

"சாப்பிட்டா லேட்டாயிடும் பெரியக்கா," என்றான். அது கிண்டலா இல்லையா என்று தெரியாத குரல்.

தம்பி தடுத்திருக்கலாம். அவன் மாஸ்டர், ஒரு சொல் போதும். அவன் மகன் முகத்தில் ரத்தம் ஏறியிருந்தது. அத்தனை பேர் முன்னால் மகன் பின்வாங்கினால் அவனை அப்புறம் யாரும் மதிக்க மாட்டார்கள் என்று தம்பி கணக்குப் போட்டிருப்பான். "சரி, இறங்குங்க," என்றான்.

அன்று கம்பியின் கை வேகத்தை நான் பார்த்தேன். தம்பி மகன் சொன்னது சரிதான். இவ்வளவு நாளும் அந்த உடம்பு எதை வைத்துச் சண்டை போட்டதோ தெரியாது, அன்று கோபத்தை வைத்துப் போட்டது. எங்கள் பையன் சுவர் வரை பின்னால் போனான். பையன்கள் தட்டுகளைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றார்கள். கம்பி வலது காலை வீசினான். தம்பி மகன் முழங்காலைத் தூக்கித் தடுத்தான். தப்பான தடுப்பு இல்லை, எல்லாரும் செய்வதுதான்.

ஈர விறகு ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். கம்பி அந்தக் காலை ஊன்றப் போனான். கால் ஊன்றவில்லை, நடுவில் மடிந்தது.

அவன் கத்தவில்லை. விழுந்து கிடந்து காலைப் பார்த்தான். "இது என் காலா?" என்று பக்கத்தில் இருந்தவனைக் கேட்டான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். எலும்பில் முன்பே ஒரு கீறல் இருந்திருக்கிறது. சுமை தூக்குகிறவன், ஓயாமல் உதைத்துப் பழகுகிறவன், அதை ஆற்றிக்கொள்ள உடம்பில் சரக்கு இல்லை. "சாப்பாடே போடலையா நீங்க?" என்று என்னைக் கேட்டார். கேன்டீனிலும் கூடத்திலும் என் வாழ்நாளில் யாரும் என்னைக் கேட்காத கேள்வி. "போட்டோம்," என்றேன். மேற்கொண்டு சொல்ல அவர் எங்கள் கூடத்து ஆள் இல்லை. காலுக்குள் எஃகுக் கம்பி ஒன்றை வைத்துத் தைத்தார்கள். பையன்களில் ஒருவன், "இப்பதான்டா நிஜக் கம்பி," என்று அழுதுகொண்டே சொன்னான்.

உதைத்துச் சண்டை போட இனி அந்தக் கால் ஆகாது என்று சொல்லிவிட்டார்கள். நடக்கலாம். மூட்டை தூக்குவதும் கஷ்டம்தான்.

பெயர் கொடுக்கக் கெடு நெருங்கியதும் நகரத் தேர்வாளர் எங்கள் கூடத்துக்கு வந்தார். அப்பாவிடம் சின்ன வயதில் பழகியவர். தேர்வுக்கு யாரை அனுப்பினாலும் அந்தக் கூடத்தின் தலைமை நேரில் நின்று, இவன் எங்கள் ஆள், இவன் நடத்தைக்கு நாங்கள் பொறுப்பு என்று வாய்ச்சொல்லாகச் சொல்ல வேண்டும். கூடம் என் பெயரில் இருந்தது. தம்பியும் மகனும் வெள்ளுடையில் நின்றார்கள். தம்பி மகன் எடைக்கு வந்திருந்தான்; கன்னம் ஒட்டி, கண் உள்ளே போயிருந்தது. அவனும் பசியோடுதான் இருந்தான். அதையும் பார்த்தேன்.

"என்னம்மா, வீட்டுப் பிள்ளை. உங்க வாக்குக் கேக்கறதே ஒரு சம்பிரதாயத்துக்குத்தான்," என்று தேர்வாளர் சிரித்தார்.

"இவன அனுப்ப முடியாதுங்க," என்றேன்.

"உடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. இவன் நடத்தைக்கு நான் பொறுப்பு ஏத்துக்க மாட்டேன்."

அவர் தம்பியைப் பார்த்தார். தம்பி வெளியே தெருவைப் பார்த்தான். தம்பி மகன் மட்டும், "அத்தை," என்றான். அவ்வளவுதான். சின்னப் பிள்ளையாக இருந்தபோது தண்ணீர் கேட்கிற குரல். நான் திரும்பவில்லை. அவர் காரணம் கேட்டார், சொன்னேன். அவர் டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டுப் போனார்.

அந்த வாரமே தம்பி குடும்பத்தோடு வேறு வீடு பார்த்துப் போனான். போகும்போது அவன் மனைவி வாசலில் நின்று, "பெத்திருந்தா செஞ்சிருக்க மாட்டீங்க," என்றாள். இருக்கலாம். பெறாதவள் என்பதால் எனக்குக் கண் தெளிவாகத் தெரிகிறதோ என்னவோ. மாஸ்டர் இல்லாத கூடத்துக்கு யார் வருவார்கள்? ஒவ்வொருவராக வருவதை நிறுத்தினார்கள். பூட்டினேன்.

கம்பியின் அறைக்குப் போனேன். சலவை ஆலைக்குப் பின்னால், படியில்லாத இடமாகத் தரைத் தளத்துக்கு மாறியிருந்தார்கள். சுவர் முழுக்க ஆலையின் நீராவி பூத்திருந்தது. அவன் அக்கா வேலைக்குப் போயிருந்தாள். காலைத் தலையணை மேல் வைத்துப் படுத்திருந்தான். நான் அடுப்பைப் பற்றவைத்து உருளைக்கிழங்கை வேகப் போட்டேன். பருப்பைக் கழுவினேன்.

"எதுக்குப் பெரியக்கா இதெல்லாம்?"

"எலும்பு கூடணும்னா சாப்பிடணும். உங்கக்காவுக்கும் சேத்துத்தான் வெக்கிறேன். பாலும் வாங்கிட்டு வந்திருக்கேன்."

கூரையைப் பார்த்தபடியே கேட்டான். "அவன் எப்பப் போறான்?"

"யாரு?"

"உங்க வீட்டுப் பையன். அணிக்கு."

"போகல. நான் வாக்குக் குடுக்கல. வேற கூடத்துப் பையன் ஒருத்தன எடுத்துட்டாங்க."

அவன் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தான். சந்தோஷப்படுவான் என்று நான் எதிர்பார்த்து வரவில்லை. ஆனால் மதிப்பான் என்று எதிர்பார்த்திருந்தேன்.

"ஏன் பெரியக்கா அப்படிச் செஞ்சீங்க?"

"எங்க வீட்டுப் பேருக்கு அதுதான் சரி."

"உங்க வீட்டுப் பேரு." தலையை ஆட்டினான். "அன்னைக்கு அத்தனை பேர் முன்னால எல்லாத்தையும் சொன்னீங்க. அதுவும் உங்க வீட்டுப் பேருக்குத்தான். என்னைத் தனியா கூப்பிட்டுச் சொல்லியிருந்தா ரெண்டு வாரம் கால ஆறப் போட்டுட்டு வந்திருப்பேன். கால் வலிக்குதுன்னு எனக்குத் தெரியாதா? அத்தனை பேர் பாக்கறாங்க, நான் எப்படி உக்காந்து சாப்பிடறது?"

நான் பருப்பைக் கிளறினேன்.

"சரி, ஒடிஞ்சது ஒடிஞ்சிடுச்சு. அவனையாவது அனுப்பியிருக்கலாம். அவன் தீயணைப்பு வண்டில போறப்ப, இவன்கிட்டதான்டா நான் தோத்தேன்னு நாலு பேர்கிட்ட சொல்லிக்கிட்டிருப்பேன். இப்ப நான் யாருகிட்ட தோத்தேன்? எவன்னே தெரியாத ஒருத்தன் போயிட்டான். நீங்க நிமிந்து நிக்கிறீங்க. எனக்கு என்ன மிச்சம்?"

திட்டுகிற குரலில்லை. கணக்குக் கேட்கிறவனின் குரலுமில்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்டான்.

அன்று அத்தனை பேர் முன்னால் சொன்னது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். தேர்வாளரிடம் சொன்னதும் சரி. மறுபடி நேர்ந்தாலும் அதையேதான் செய்வேன்.

தட்டில் போட்டுக் கொண்டுபோய் அவன் முன்னால் வைத்தேன். அவன் சாப்பிடவில்லை. "அக்கா வரட்டும்," என்றான். "அவளுக்கும் பகல் முழுக்க டீயும் பன்னும்தான்."

நான் உட்கார்ந்திருந்தேன். சுவருக்கு அப்பால் ஆலையின் உருளைகள் ஓடிக்கொண்டிருந்தன. வேலை முடிகிற சங்கு ஊத இன்னும் வெகு நேரம் இருந்தது. தட்டின் மேல் இன்னொரு தட்டைக் கவிழ்த்து மூடினேன்.